ரூபாவை நிறுக்கும் தராசு யார் கையில்?



சம்பளம் போட்ட பிறகு வந்த முதல் சனிக்கிழமை. டவுனில் ஒரு பெரிய கடையில் காசு கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மேல்பிரிவு லயத்து அக்கா ஒருவர். கூடையில் ஐந்து கிலோ கோதுமை மா, பருப்பு, சீனி, ஒரு போத்தல் எண்ணெய், இரண்டு சவர்க்காரம், ஒரு பால்மா பக்கட், பிள்ளைக்கு ஒரு கொப்பி. காசாளர் பிள்ளை கணக்கைச் சொன்னதும் அக்கா சேலை முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு ஒன்றும் பேசாமல் பால்மா பக்கட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

பில் ஏற்கெனவே அடித்தாயிற்று. அதை மாற்ற உள்ளே இருந்து மேற்பார்வையாளர் வந்து சாவி போட வேண்டும். வரிசை நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "காசு எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு எடுக்கக் கூடாதாக்கா? எத்தன பேரு நிக்கிறாங்க பாருங்க" என்று காசாளர் பிள்ளை சற்று உரக்கவே சொன்னாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மிச்சக் காசு ஏழு ரூபாவுக்குப் பதிலாக மூன்று டொபி வந்தது. அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது என் முறை. அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "டீச்சர்!" என்றாள். என்னிடம் சாதாரண தரம் வரை படித்தவள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். அவளுடைய அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார்.

இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அன்றைக்கு அந்த அக்காவின் கையிலிருந்த காசு குறைந்துபோனதற்குக் காரணம் அவருடைய கணக்குத் தவறும் அல்ல, அந்தப் பிள்ளையின் குணமும் அல்ல. நம் உழைப்பை ரூபாவாக மாற்றுவதும், அந்த ரூபாவை மாவாகவும் பருப்பாகவும் மாற்றுவதும் நம் கையில் இல்லாத தராசுகள். இந்த இதழின் தலையங்கம் அந்தத் தராசுகளைப் பற்றியது.

வகுப்பறையில் போட்ட கணக்கு

மறுவாரம் தரம் 9 பிள்ளைகளுக்கு வீதக் கணக்கு. புத்தகத்தில் இருந்த கணக்கை விட்டுவிட்டு, நம் சம்பளத்தையே கரும்பலகையில் எழுதினேன்.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அப்போது ஒரு டொலர் சுமார் 180 ரூபா. ஆகவே ஒருநாள் பேர் 3 டொலர் 90 சதம் அளவில்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது. எத்தனை வருடப் போராட்டம் அது! அப்போது டொலர் சுமார் 200 ரூபா. ஒருநாள் பேர் 5 டொலர்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைப் பிடித்துவைத்திருந்த கையை விட்டது. மே மாதத்துக்குள் ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டது. சம்பளம் அதே 1000 ரூபா. ஒருநாள் பேர் 2 டொலர் 80 சதத்துக்கும் குறைவு.

2024 செப்டெம்பரில் 1350 ரூபா. டொலர் சுமார் 300 ரூபா. ஒருநாள் பேர் நாலரை டொலர்.

"1000த்திலிருந்து 1350க்குப் போனது எத்தனை வீத உயர்வு?" என்று கேட்டேன். "35 வீதம் டீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அப்படியென்றால் ஐந்து டொலர் நாலரை டொலரானது?" கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், "10 வீதம் கொறஞ்சிருக்கு டீச்சர்" என்றான். பிறகு அவனே, "அப்ப எங்கம்மாவுக்குக் கூடிச்சா, கொறஞ்சிச்சா?" என்று கேட்டான்.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்ததும், அதன்மேல் கம்பனிகள் நீதிமன்றம் போனதும், கடைசியில் 1350இல் வந்து நின்றதும் நமக்கெல்லாம் தெரியும். மேடைகளில் எண்ணைத்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன் கேட்ட கேள்விதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

டொலருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

"நான் டொலர் தாளைக் கண்ணாலயும் பார்த்ததில்ல. அது ஏறினா என்னா, எறங்கினா என்னா?" என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி.

காலையில் நம் வீட்டில் சுடும் ரொட்டிக்கான கோதுமை வெளிநாட்டில் விளைகிறது. பருப்பும் அப்படித்தான். சீனியில் பெரும்பகுதி, பால்மாவில் பெரும்பகுதி, சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், மருந்து, எல்லாமே கப்பலில் வருகின்றன. கப்பல்காரனுக்கு ரூபா வேண்டாம், டொலர்தான் வேண்டும். உள்ளூரில் விளையும் மரக்கறியும் டீசல் ஊற்றிய லொறியில்தான் நம் சந்திக்கு வந்து சேர்கிறது. ஆகவே டொலரைக் காணாமலேயே நாம் தினமும் டொலரில்தான் சாப்பிடுகிறோம்.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கட் ஒரே தடவையில் 250 ரூபா கூடி 790 ரூபாவானது நினைவிருக்கிறதா? 1000 ரூபா சம்பளக்காரிக்கு அது கிட்டத்தட்ட ஒருநாள் பேர். அதே ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு 4860 ரூபாவுக்குப் போனது. ஐந்து நாள் மலையேறி இறங்கினால் ஒரு சிலிண்டர். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். அதாவது ஒரு வருடம் முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா. நம் சம்பளத்தில் ஒரு சதம் கூடவில்லை.

இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். 100இலிருந்து 195க்கு ஏறிய சாமான் அங்கேயே நின்றால் பணவீக்கம் பூச்சியம். நாம் கொடுப்பது 195. டொலர் 360இலிருந்து 300க்கு இறங்கியபோது சில சாமான்களின் விலை இறங்கியது, நிறையச் சாமான்கள் இறங்கவில்லை. விலை லொறியில் ஏறிப் போகும். இறங்கும்போது மட்டும் நடந்து வரும்.

நாம் பறிக்கும் கொழுந்து எந்தக் காசில் விற்கிறது?

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அங்கே ஏலம் கேட்பது ரூபாவில். ஆனால் வாங்குகிறவர்கள் ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பி டொலராக வாங்குகிறார்கள். ரூபாவின் பெறுமதி விழுந்தால், அதே டொலருக்கு அவர்கள் கையில் அதிக ரூபா வரும். ஆகவே ஏலத்தில் அதிக ரூபா கேட்க முடியும்.

அதுதான் நடந்தது. 2021இல் ஒரு கிலோ தேயிலையின் ஏலச் சராசரி சுமார் 620 ரூபா. 2022இல் சுமார் 1270 ரூபா. இரண்டு மடங்கு. 2021இல் நம் 1000 ரூபா நாட்சம்பளம், நாமே உற்பத்தி செய்த தேயிலையில் 1.6 கிலோவுக்குச் சமம். 2022இல் அதே 1000 ரூபா 800 கிராமுக்குச் சமம். மலையும் மாறவில்லை, கூடையும் மாறவில்லை, அட்டைக்கடியும் மாறவில்லை. நம் உழைப்பின் பங்கு மட்டும் பாதியானது.

கம்பனிகள் சொல்வதையும் கேட்போம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்தது, எரிபொருளும் மின்சாரமும் உரமும் பலமடங்கு விலை ஏறின என்கிறார்கள். அது பொய்யல்ல. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021ஐ விட 2022இல் கணிசமாகக் குறைந்தது. ஆனால் செலவு கூடியதைக் காட்டி சம்பளத்தை நிறுத்திவைக்க முடியுமென்றால், விலை கூடியதைக் காட்டி சம்பளத்தைக் கூட்டவும் முடியவேண்டும். டொலர் ஏறும்போது கம்பனிக்கு ஒரு குடை இருக்கிறது. ஏல விலையும் கூடவே ஏறுகிறது. நமக்குக் குடையில்லை. நனைகிறவர்கள் நாம்தான்.

நம் கொழுந்தின் பெறுமதி எவ்வளவு என்பதற்கு இன்னோர் உதாரணம். 2012இல் ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்கு நாடு சுமார் 250 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. கொடுக்க டொலர் இல்லை. 2021 டிசம்பரில் அரசாங்கம் ஓர் உடன்பாடு செய்தது: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனைக் கழிப்பது. ரூபாவை எடுக்க மறுக்கும் உலகம், நாம் பறித்த கொழுந்தைக் காசாக எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கொழுந்தைப் பறித்தவர் டவுன் கடையில் ஒரு பால்மா பக்கட்டைத் திருப்பி வைக்கிறார்.

பழைய சட்டம் ஒன்று சொல்வது

சம்பளத்தை விலையோடு சேர்த்துக் கட்டுங்கள் என்று நாம் கேட்டால், "நடக்காத காரியம்" என்கிறார்கள். நம் வரலாற்றைப் பார்த்தால் அது நடந்த காரியம்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். அதோடு நிற்கவில்லை. தோட்டம் கொடுக்கும் அரிசி ஒரு புசல் 6 ரூபா 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் வைத்தார்கள். அந்தச் சட்டம் நம்மேல் பாசம் கொண்டு வந்ததல்ல. பெண்ணின் உழைப்பைக் குறைத்து மதித்த சட்டம் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வர 1984 வரை போராட வேண்டியிருந்தது. ஆனாலும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே ஓர் உண்மையை ஒத்துக்கொண்டார்கள்: அரிசி விலையைச் சொல்லாமல் சம்பளத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அண்மைக் காலக் கூட்டு ஒப்பந்தங்களிலும் "விலைப் பங்குக் கொடுப்பனவு" என்று ஒன்று இருந்தது. 2016இல் 30 ரூபா, 2019இல் 50 ரூபா. தேயிலை விலையில் தொழிலாளிக்கும் பங்குண்டு என்ற கொள்கையை அது ஒத்துக்கொண்டது. தொகைதான் சொற்பம். ஆகவே நாம் கேட்பது புதுமையல்ல. ஒத்துக்கொண்டு பிறகு மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறோம்.

கடையில் நமக்குள்ள உரிமை

சம்பளம் கூடும் வரை கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. இருக்கிற காசு கடையில் வைத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வதும் சம்பளப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்காகவும்தான் இருக்கிறது. வியாபாரி விலைகளைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும். நாம் கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும். பக்கட்டில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் விற்கக்கூடாது. முறைப்பாடு இருந்தால் சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டுக்கு உயிர் பில்தான். பில் இல்லாவிட்டால் நம் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருடம் அம்மாவுக்காக டவுனில் ஒரு மின்கேத்தல் வாங்கினேன். பத்து நாளில் பழுதாகிவிட்டது. கொண்டுபோனபோது, "பில்லக் கொண்டாங்க" என்றார்கள். பில் இருந்தது. ஆனால் மழையில் நனைந்து எழுத்து மங்கிப்போயிருந்தது. அம்மாவிடம் ஒரு தொனியில் பேசினார்கள். நான் பாடசாலை ஆசிரியை என்று தெரிந்ததும் தொனி மாறியது, கதிரை வந்தது, கேத்தலும் மாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "நீ வராம நா மட்டும் வந்திருந்தா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குகிறவரின் உடுப்பையும் பேச்சையும் பார்த்து மரியாதையை நிறுத்துக் கொடுக்கும் தராசும் ஒன்று இருக்கிறது. அந்தத் தராசுக்கு முத்திரை குத்த எந்தத் திணைக்களமும் வராது. நாம்தான் தலை நிமிர்ந்து நின்று அதைச் சரிபண்ண வேண்டும்.

சின்னச் சின்ன விடயங்களையும் சொல்ல வேண்டும். மிச்சக் காசுக்கு டொபி வாங்காதீர்கள். நாம் டொபியைக் கொடுத்துச் சாமான் வாங்க முடியாது. பக்கட் சாமானை வாங்கும்போது கிலோ விலையை மனதில் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, ஒரு கிலோ பருப்பு 300 ரூபாவாக இருக்க, 100 கிராம் பக்கட் 40 ரூபாவென்றால், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர் கிலோவுக்கு 400 ரூபா கொடுக்கிறார். கையில் மொத்தமாகக் காசு இல்லாதவர்தான் சாமானுக்கு அதிக விலை கொடுக்கிறார். நாலு வீடு சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் அந்த 100 ரூபா நமக்கு மிச்சம். சில தோட்டங்களில் மாதர் சங்கங்கள் இதைச் செய்கின்றன. மற்றவர்களும் செய்யலாம்.

சந்திக் கடை முதலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பியில் எழுதிவிட்டுச் சாமான் தருகிற அவர் இல்லாவிட்டால் பல வீடுகளில் மாதக் கடைசியில் அடுப்பு எரியாது. 2022இல் அவரும் தவித்தார். இன்றைக்கு விற்ற காசில் நாளைக்கு அதே சாமானை வாங்கிப் போட முடியாமல் கடன் கொடுப்பதை நிறுத்திய கடைகளும் உண்டு. அவர் நமக்கு எதிரியல்ல. ஆனால் கொப்பி இரண்டு இருக்கவேண்டும். ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம். அவர் எழுதும் நேரத்திலேயே நம் கொப்பியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான முதலாளி அதற்குக் கோபப்படமாட்டார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அந்தக் காசாளர் பிள்ளையிடம் திரும்பி வருவோம். கடை மூடிய பிறகு பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டு அழுதுவிட்டாள். "அந்தக்கா யாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர். எங்கம்மாவோட ஒரே மலையில நிக்கிறவங்க. ஆனா லைன் நின்னா எனக்குத்தான் ஏச்சு விழும்" என்றாள். காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருந்தது. இராத்திரி காசை எண்ணிப் பார்க்கையில் குறைந்தால் அவளுடைய சம்பளத்தில் கழிப்பார்களாம். சில்லறைக் காசை நிர்வாகம் போதுமான அளவு கொடுப்பதில்லை. டொபிப் பெட்டியைத்தான் பக்கத்தில் வைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்ததற்கு நியமனக் கடிதமும் இல்லை.

அவளுக்கும் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு கேட்கிறது, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை கேட்கிறது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். அவளுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பத்து வருடம் படிப்பித்த எனக்கும் அதில் பொறுப்பு உண்டு.

மலையில் வேலை செய்யும் தாயை, கடையில் வேலை செய்யும் மகள் ஏசுகிறாள். இரண்டு பேருடைய சம்பளத்தையும் சுருக்குகிறது ஒன்றுதான். டவுன் கடைகளிலும் தையல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளையும் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். கொழுந்து எடுப்பவர்களுக்கு மட்டும் சங்கம் என்ற காலம் போய்விட்டது.

கொழுந்துத் தராசு

கடைத் தராசைப் பற்றிப் பேசிவிட்டுக் கொழுந்துத் தராசைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரையிட வேண்டும். கடைக்காரன் கால் கிலோ பருப்பில் பத்துக் கிராம் குறைத்தால் கோபப்படுகிறோம். ஒவ்வொரு நிறுவையிலும் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் இரண்டு கிலோ, மூன்று கிலோ கழிக்கும்போது "வழமைதானே" என்று போய்விடுகிறோம்.

இரண்டு கிலோ என்பது சின்ன விடயமல்ல. நோம்ஸ் 18 கிலோ உள்ள மலையில் 18 கிலோ எடுத்தவருக்குக் கழிவுக்குப் பிறகு 16 கிலோ. சில தோட்டங்களில் அதற்கு அரைப்பேர். 2024இல் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் பாதி 675. இரண்டு கிலோவுக்காக அரைநாள் சம்பளம் போய்விடுகிறது. ரூபாவின் பெறுமதி கொழும்பில் மட்டும் விழுவதில்லை. கொழுந்து மடுவத்திலும் விழுகிறது.

2024இல் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில், ஒரு மாதத்தில் 25 பேர் முழுதாகக் கிடைத்தாலும் 33,750 ரூபாதான் வந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 31,050. தீபாவளி முற்பணம், சந்தா, மற்றக் கழிவுகள் போனபின் கைக்கு வருவது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தங்கள் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். 25 பேர் கிடைக்காத தோட்டங்கள் எத்தனையென்றும் நமக்குத் தெரியும்.

என்ன செய்யப்போகிறோம்?

முதலாவது கோரிக்கை: அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் ஓர் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவரக் கூடாது. வாழ்க்கைச் செலவோடு இணைந்த படியொன்று வேண்டும். விலைச் சுட்டெண் குறிப்பிட்ட அளவு ஏறினால், மூன்று வருடம் காத்திராமல், வீதியில் இறங்காமல், சம்பளமும் ஏறவேண்டும். அதோடு ஏல விலையில் பங்கு என்ற கொள்கை உண்மையான தொகையோடு திரும்பி வரவேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு கொழுந்துத் தராசும் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட வேண்டும். கழிவு எவ்வளவு, எதற்கு என்பது எழுதி ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவது வேலை நம்முடையது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு விலைக் கொப்பி வைக்கவேண்டும். மாதாமாதம் 10ஆந் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை, ஒரே கடையில், ஒரே பத்துச் சாமான்: கோதுமை மா, அரிசி, பருப்பு, சீனி, பால்மா, தேங்காய், எண்ணெய், வெங்காயம், கருவாடு, சவர்க்காரம். விலையையும் அளவையும் எழுதுங்கள். 400 கிராம் பக்கட் 360 கிராமாகச் சுருங்கினால் அதையும் எழுதுங்கள். பில்லைப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுத உயர்தரம், சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதமே தொடங்கிவிட்டார்கள்.

எதற்கு இது? கொழும்பு விலைச் சுட்டெண் கொழும்பு நகரத்துக் குடும்பங்களின் செலவை வைத்துப் போடுவது. அந்தச் சுட்டெண்ணின் கூடையில் சாப்பாடு கால்பங்கு அளவுதான். நம்மில் பல வீடுகளில் வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகிறது. ஆகவே மா விலை ஏறினால் கொழும்பை விட நமக்கு அதிகம் வலிக்கும். அந்த வலியைச் சம்பள நிர்ணய சபை மேசையில் வைக்க நம்மிடம் கண்ணீர் இருக்கிறது, கோஷம் இருக்கிறது. கணக்கு இல்லை. அவர்கள் தரப்பில் கணக்காளர்கள் கோப்புகளோடு வருகிறார்கள். நாமும் கொப்பிகளோடு போவோம்.

200 வருடமாக நம் கணக்கை மற்றவர்களே எழுதினார்கள். தோட்டத் துரை துண்டில் எழுதினார். 1921இல் துண்டு முறை ஒழிந்த பிறகும் கடன் ஒழியவில்லை. கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுதினார். கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதினார். எழுதியவர் சொன்னதுதான் தொகை. "எழுதத் தெரியாது" என்று கைநாட்டு வைத்த காலம் நம் பாட்டன் பாட்டியோடு போகட்டும்.

பால்மா பக்கட்டைத் திருப்பி வைத்த அந்த அக்காவை நேற்று மலைக்குப் போகும் வழியில் கண்டேன். விலைக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு எழுத வராது டீச்சர். ஆனா எந்தச் சாமான் எந்த மாசம் எவ்வளவு இருந்துச்சுன்னு கேளுங்க, எல்லாம் மனப்பாடம்" என்றார்.

அவர் சொல்லட்டும், நம் பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த இதழில் எத்தனை தோட்டங்களிலிருந்து எத்தனை கொப்பிகள் வந்தன என்று இதே பக்கத்தில் எழுதுவேன்.

ஒன்றுபடுவோம். கணக்கை நாமே எழுதுவோம்.